சுற்று எத்தனை?

என் வீட்டுக்காரர் தனசேகர் வலைக்குப் போன நேரம் போக மீதி நேரமெல்லாம் ஒரு நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். இதைச் சொன்னால் லாட்டரி நம்பரா, தொலைந்துபோன போன் நம்பரா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. லாட்டரியாக இருந்திருந்தாலாவது ஊரில் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் இருந்திருக்கும்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில், லைட்ஹவுஸ் குப்பத்தைத் தாண்டி இருக்கிறது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கம் எங்கள் ஊருக்கு மூன்று பாடு உண்டு. பாடு என்றால் இறாலுக்கு வலை கட்டுகிற இடம். மூன்றும் ஒரே மாதிரி கொடுக்காது. ஒருத்தரே நல்ல இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடக் கூடாது என்று முறை வைத்திருக்கிறார்கள். இந்த முறை ஒன்றாம் பாட்டில் வலை கட்டியவர் அடுத்த முறை இரண்டாம் பாட்டுக்குப் போக வேண்டும், அதற்கடுத்து மூன்றாம் பாடு, பிறகு திரும்பவும் ஒன்று. இதில் யாராவது வாலாட்டினால் தலைவர் தேசப்பன் ஊரைக் கூட்டி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார்.

மற்றவர்களுக்கு அது முறை. பொன்னேரிக்குப் போய் பி.எஸ்சி. கணக்கு படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் வலைக்கே திரும்பி வந்த என் வீட்டுக்காரருக்கு மட்டும் அது 123123123 என்று முடிவே இல்லாமல் ஓடுகிற ஒரு நம்பராகத் தெரிந்தது.

ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று கேட்டார்.

"செவ்வந்தி, இந்த எறால எத்தினி பேருக்கு சமமா பங்கு போட்லாம்?"

"எனக்கு ஒர்த்திக்கே போடு. சமமாதான் இருக்கும்."

சிரித்தார். பிறகு விடவில்லை. சில குவியலை இரண்டாகப் பிரிக்கலாம், சிலதை மூன்றாகப் பிரிக்கலாம், ஆளுக்கு ஒன்று என்று கொடுத்தால் தவிர, எத்தனை பேர் வந்தாலும் சமமாகப் பங்கு போடவே முடியாத குவியலும் உண்டு, அந்த எண்ணுக்குப் பகா எண் என்று பேர் என்றார். பள்ளிக்கூடத்தில் நானும் படித்ததுதான். ஆனால் அவர் சொன்னது வேறு. நம் பாட்டுச் சுற்றை எங்கே நிறுத்தினால் பகா எண் வரும் என்று கேட்டார்.

"முழு சுத்து முடிச்சிட்டு நின்னா வராது. 123123ன்னு வெச்சிக்கோ, 123 அத உடைச்சிடும். எத்தினி சுத்து போனாலும் அதே கதிதான். ரெண்டாம் பாட்ல நின்னா கடைசி நம்பரு ரெண்டு. ரெட்டப்படை, அதுவும் உடைஞ்சிடும்."

"அப்ப எங்கதான் நிக்கறது?"

"சுத்த முடிச்சிட்டு, புதுசா ஒண்ணாம் பாட்ல கால வெச்சதும் நிக்கணும். 1231. எதால வேணா வகுத்துப் பாரு."

கிழித்த கேலண்டர் தாளின் பின்பக்கம் அன்று சாயங்காலம் முழுக்க வகுத்தேன். ஏழு போகவில்லை, பதினொன்று போகவில்லை, பதின்மூன்று, பதினேழு, எதுவும் போகவில்லை. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் அன்றைக்குச் சோறு ஆக்க விட்டிருக்க மாட்டார்.

1231 சின்ன எண், யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். அவர் தேடியது பெரியது. சுற்றைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் ஒரு ஒன்றை வைத்து, உடைகிறதா உடையவில்லையா என்று பார்ப்பது. அநேகமாக எல்லாமே உடையும். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ராபர்ட், இவரோடு படித்தவர், ஒரு பழைய லேப்டாப்பைக் கொடுத்தார். அதில் இவரே புரோகிராம் எழுதினார். 'சுற்று எத்தனை?' என்று தமிழிலேயே கேட்கும். நாம் ஒரு எண்ணை அடிக்க வேண்டும். உடைந்தால் 'உடைந்தது' என்று வரும், உடையாவிட்டால் அந்த நம்பரோடு 'உடையாது' என்று வரும். சின்னதாக இருந்தால் உடனே பதில். சுற்று லட்சத்தைத் தாண்டிய பிறகு பதில் வர மாதங்கள் ஆயிற்று. அது வரைக்கும் லேப்டாப் ராப்பகலாக ஓட வேண்டும். பிள்ளை இல்லாத வீட்டில் அதன் விசிறிதான் ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"இது கெடச்சா இன்னா தருவாங்க?" என்று ஒரு முறை கேட்டேன்.

"ஒண்ணும் தர மாட்டாங்க."

"பின்ன இன்னாத்துக்குய்யா?"

"முகத்துவாரம் தூர்ந்துகினே வருது. நாளைக்கு பாடு இருக்குமோ இருக்காதோ. யாராலயும் உடைக்க முடியாத ஒண்ணு நம்ம பாட்லேந்து வரணும் செவ்வந்தி. அவ்ளோதான்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சில ஆண்கள் குடிக்கிறார்கள், சில ஆண்கள் சீட்டாடுகிறார்கள். எனக்கு வாய்த்தது வகுத்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் மண்டை பெரிதாக இருக்கிற பிளக்கைச் சொருகும் பாயிண்ட் இரண்டு இருந்தது. உப்புக் காற்று ஒன்றைத் தின்றுவிட்டது. மிச்சம் இருந்த ஒன்றில் லேப்டாப் குடியேறியது. நான் சட்னி அரைக்க மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு மூத்தார் வீட்டுக்குப் போவேன். என் மூத்தார் அங்கமுத்து இவருக்கு அண்ணன். அவர் மனைவி பச்சையம்மா அக்கா, "உன் சக்களத்தி இன்னும் எழுந்துக்கலியா?" என்று கேட்டுக்கொண்டே சுவிட்சைப் போடுவாள். கரண்ட் போனால் பேட்டரி அரை மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் போனால் இவர் லேப்டாப்பைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு ஐஸ் கம்பெனி ஜெனரேட்டருக்கு ஓடுவார். வயரைத் தூக்கிக்கொண்டு பின்னால் நான் ஓடுவேன். ஊரே பார்த்துச் சிரித்தது.

ராபர்ட் ஒரு யோசனை சொன்னார். "நடுநடுவுல சேவ் பண்ற மாதிரி எழுதுடா. நின்னாலும் விட்ட எடத்துலேந்து போட்டுக்கலாம்."

"வலைய பாதில தூக்கிப் பாத்தா மீன் நிக்குமா?" என்றார் இவர்.

இதுதான் எங்கள் ஆட்களின் புத்தி. வலை முழுசாக ஏறும் வரை தொடக் கூடாது. படகு கரை ஏறும் வரை எவ்வளவு விழுந்தது என்று வாய் திறக்கக் கூடாது. சொன்னால் அடுத்த முறை கையை விரிக்க வேண்டியதுதான் என்று பயம். பி.எஸ்சி. படித்தாலும் அது போகவில்லை. எத்தனையாவது சுற்றைப் போட்டிருக்கிறார் என்று என்னிடம்கூடச் சொல்ல மாட்டார். எண்ணை அடித்ததும் திரை வெறுமையாகிவிடும்படி எழுதியிருந்தார். எங்கே விட்டோம், அடுத்து எது என்பதெல்லாம் அவர் மண்டைக்குள் மட்டும்தான். பொங்கல் கழிந்து கடைசியாக ஒன்றைப் போட்டார்.

"இதுமேல ஒரு நம்பிக்கை கீது" என்றார்.

"எத்தினியாவது சுத்து?"

"கரை ஏறட்டும், சொல்றேன்."

வைகாசி மாதம் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று எங்களுக்கு ஒன்றாம் பாடு. புதுச் சுற்றின் முதல் முறை. "இந்த வாரத்துக்குள்ள பதில் வந்துடும், பாரேன்" என்று சொல்லி லேப்டாப்பின் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். என்னைத் தொடவில்லை. அதற்குத்தான் காய்ச்சல் என்று நினைத்திருப்பார்.

வெயில் ஏறும்போது தெற்கே கறுத்தது. பெரிய மழைகூட இல்லை. ஒரே ஒரு இடி. ஒன்றாம் பாட்டில் வலைக் கழியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்ற என் வீட்டுக்காரர் மேல் விழுந்தது. பக்கத்துப் பாட்டில் இருந்த அங்கமுத்து மாமாதான் தன் படகில் போட்டுக்கொண்டு வந்தார். கரைக்கு வரும்போதே உயிர் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அறுத்து, தைத்து, துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும்போது மணி மூன்று.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் எல்லாம் நிற்கும். படகு போகாது, என்ஜின் ஓடாது, ஐஸ் கம்பெனியில்கூட மெஷினை நிறுத்திவிடுவார்கள். சாவு வீட்டில் டிவி மேல் துணி போடுவார்கள். பிணத்தை எடுக்கிற வரை சத்தம் என்றால் அழுகைச் சத்தம் மட்டும்தான்.

இவருடைய தங்கை மாலா ஆந்திரா பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவள் வந்து முகம் பார்க்க மறுநாள் ஆகிவிடும் என்பதால் கண்ணாடிப் பெட்டிக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. அதற்குள் அவரை வைத்தார்கள். அங்கமுத்து மாமா பெட்டியின் வயரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். ஒரே ஒரு பாயிண்ட். லேப்டாப் வயரைப் பிடுங்கிவிட்டு பெட்டி வயரைச் சொருகினார். பிறகு டிவி மேல் போட்ட மாதிரியே லேப்டாப் மேலும் என் பழைய புடவை ஒன்றை மடித்துப் போட்டார்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு பக்கமும் பெண்கள் என்னைக் கட்டிப் பிடித்திருந்தார்கள். முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பிறகு பெட்டியின் உறுமலுக்கும் ஒப்பாரிக்கும் நடுவில், புடவைக்கு அடியில் அந்தச் சின்ன விசிறி சுற்றுகிற சத்தம் காதில் விழுந்தது. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம்.

"மாமா, அந்த வயர திரும்ப சொருகுங்க" என்றேன்.

அவருக்குக் கேட்டது. பக்கத்தில் வந்து குனிந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"இன்னாம்மா?"

"லேப்டாப் வயரு. அது நின்னா இத்தினி மாசம் ஓடுனது எல்லாம் பூடும் மாமா. மறுபடி மொதல்லேந்து போடணும்."

"துக்க ஊட்ல எதுவும் ஓடக் கூடாதும்மா. ஊரே என்ஜின நிறுத்திட்டு கீது. தம்பிய எடுத்து முடிச்சதும் நானே என் கையால போட்டு உட்றேன்."

"அப்ப போட்டா ஆவாது மாமா. இப்ப ஓடுனாதான்."

"இருக்கறது ஒரு பாயிண்டு. பெட்டிய எங்க சொருகறது, நீயே சொல்லு."

நான் என்ன சொல்வேன். வைகாசி வெயில். தங்கச்சி வந்து பார்ப்பதற்குள் அவர் உடம்பு கெட்டுப் போகட்டும் என்று சொல்லவா. பெட்டியை அணைத்துவிட்டு லேப்டாப்பைப் போடுங்கள் என்று ஒரு பெண்டாட்டி எந்த வாயால் சொல்வாள். ஆனால் என் மனசில் இருந்தது அதுதான். பெட்டிக்குள் இருந்தவருக்கு இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. புடவைக்கு அடியில் இருந்ததற்குத்தான் இன்னும் உயிர் இருந்தது.

"பக்கத்து ஊட்லேந்து ஒரு வயரு இழுங்க. ஜங்ஷன் பாக்ஸு யாராண்டயாவது கீதா கேளுங்க. இல்லாங்காட்டி அத தூக்கினு போயி உங்க ஊட்லயாவது சொருகுங்க" என்றேன்.

பந்தலில் இருந்த தேசப்பன் தலையைத் திருப்பிப் பார்த்தார். "கம்ப்யூட்டருக்கா?" என்று அங்கமுத்து மாமாவிடம் கேட்டார். மாமா தலையாட்டினார். தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்தப் பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். யாரும் எழுந்திருக்கவில்லை.

பச்சையம்மா அக்கா என் தலையைத் தன் மார்பில் அழுத்தினாள். "வேணான்டி. கண்டதையும் நெனைக்காத. வாய உட்டு அழுடி. அழுதுடு."

நான் அழவில்லை. அழுதால் கேட்காது. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராபர்ட் வந்தால் போதும். அவர் ஒருத்தருக்குத்தான் புரியும். வந்ததும் யாரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு எங்காவது ஓடுவார். காட்டுப்பள்ளியிலிருந்து கிளம்பிவிட்டதாக யாரோ சொன்னார்கள். ரோட்டில் துறைமுகத்து லாரிகள் வரிசை கட்டி நிற்பதாகவும் சொன்னார்கள்.

பொம்பளைகள் மாரடித்தார்கள். ஒருத்தி என் வீட்டுக்காரர் சின்ன வயசில் நீந்திய கதையை ராகம் போட்டாள். நான் அந்த விசிறியையே பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சமயம் வேகம் குறைந்த மாதிரி இருந்தது, திரும்பக் கூடியது. இந்த நிமிஷமே பதில் வந்துவிட்டால் என்ன என்று நினைத்தேன். இந்த வாரத்துக்குள் என்றுதானே சொன்னார், இன்றைக்கே வரக் கூடாதா. கோயில் பக்கம் திரும்பிக் கும்பிடவும் பார்த்தேன். என் இரண்டு கையையும் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

அப்போதுதான் நான் கத்தி அழுதேன். பச்சையம்மா அக்கா, "அப்பாடி, அழுதுட்டா" என்று சொல்லி நிம்மதியாக என் முதுகைத் தடவினாள்.

ராபர்ட் வெயில் தாழ வந்தார். மாலையை வைத்துவிட்டு நேராக லேப்டாப்பிடம் போய்ப் புடவையைத் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி புடவையை மூடிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

காரியம் முடிந்த பிறகு அவர் இன்னொரு நாள் வந்தார். மேசை முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் குடைந்து பார்த்தார். புரோகிராம் இருந்தது. அது ஓடியதற்கான தடம் ஒன்றும் இல்லை. இவர்தான் எதையும் விட்டுவைக்காத ஆளாயிற்றே.

"திரும்ப போட்டுடலாம் சிஸ்டர். என் ஆபீஸ்ல வேகமான மெஷின் கீது, சீக்கிரமே முடிஞ்சிடும். எத்தினி சுத்துன்னு மட்டும் சொல்லுங்க. உங்களாண்ட சொல்லியிருப்பானே?"

"கரை ஏறட்டும்னாரு."

ராபர்ட் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தார். லட்சத்துக்கு மேல் எந்த எண்ணாகவும் இருக்கலாம், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆயுசு பத்தாது என்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. அப்படியே போட்டு எங்கோ ஒன்று உடையாமல் நின்றாலும், அதுதான் என் வீட்டுக்காரர் போட்டது என்று யார் சொல்வது. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுப் போனார்.

சுற்றின் நடுவில் ஒருவர் செத்தால் மிச்சப் பாட்டை உடன்பிறந்தவர் முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஊர் முறை. இரண்டாம் பாட்டு இறாலை அங்கமுத்து மாமா கொண்டுவந்து கொடுத்தார். பிறகு மூன்றாம் பாட்டையும் முடித்துவிட்டு வந்தார். "தம்பி சுத்து முடிஞ்சிதும்மா" என்று கூடையை வாசலில் வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரர் ஒன்றாம் பாட்டில் கால் வைத்து நின்றவர். அப்படி நின்றால்தான் உடையாது என்று சொன்ன மனுஷன். அதை இவர்கள் நல்ல மனசோடு முழுச் சுற்றாக்கிவிட்டார்கள். இந்த மனிதரிடம் போய் இதை எப்படிச் சொல்வது.

கூடையை வைத்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னும் போடலியா அத? நான் போட்டு உட்றேன்னு சொன்னேன் இல்ல, மறந்தே பூட்டேன்."

அவரே வந்து வயரை எடுத்து அந்தப் பாயிண்டில் சொருகினார். எந்தப் பொத்தான் என்று கேட்டு அதையும் அழுத்தினார். விசிறி சுற்ற ஆரம்பித்ததும் அவர் முகம் தெளிந்தது. "தோ, ஓடுது பாரு. நீ வீணா கலங்குன."

புரோகிராமைத் திறந்தேன். 'சுற்று எத்தனை?' என்று கேட்டது. மாமா என் பின்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். ஏதாவது அடித்தாக வேண்டும் போல் இருந்தது. ஒன்று என்று அடித்தேன். திரை வெறுமையானது. கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது.

"ஆயிரத்து எரநூத்தி முப்பத்தி ஒண்ணு. உடையாது" என்று மாமா வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உடையாதுன்னு போட்டு கீதே. இதானாம்மா தம்பி தேடுனது?"

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கெடச்சிடுச்சாம்மா?"

"கெடச்சிடுச்சு மாமா."

தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். தம்பியைப் படகில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தலைவரிடம் சொல்லிவிட்டு வருகிறேன், தம்பி படகில் இந்த நம்பரை எழுதிவிடலாம் என்று சொல்லி வெளியே போனார். அவர் செருப்புச் சத்தம் மறைகிற வரை இருந்துவிட்டு, நான் இரண்டு என்று அடித்தேன்.